பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும், ஊரும் சுற்ற வேண்டும்

பிப்ரவரி 9, 2025. வாசகர் ஒருவர் எழுதியது

பக்கத்து ஊருக்குப் போய்வருவதை எல்லாம் பயணம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். பெட்டி கட்டி, ரயிலேறி, நம் பாஷை புரியாத ஊரில் இறங்கினால்தான் பயணம். மற்றதெல்லாம் வெளியே போய் வருவது, அவ்வளவுதான். யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?

பிப்ரவரி 9, இரவு

எனக்கு உண்டு. மதுரையில் பழங்காநத்தம் பக்கம் இருக்கிறேன். என் மாமியார் படுக்கையில் இருக்கிறார். காலை ஆறு மணிக்கு ஒரு அம்மா வந்து பார்த்துக்கொள்வார், மதியம் மூன்றுக்குக் கிளம்பிவிடுவார். மூன்றிலிருந்து மறுநாள் காலை வரை நான்தான். இரவு வெளியூரில் தங்குவது என்ற பேச்சே கிடையாது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை, அத்தையை விட்டுவிட்டு எங்கேயும் தங்க மனமும் வராது. ஆனால் ஊர் சுற்றும் ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. கூடத்தான் செய்கிறது. மாட்டுத்தாவணியில் பஸ் போர்டுகளைப் படித்துக்கொண்டு நின்றாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அந்த ஒன்பது மணி நேரத்துக்குள் எங்கெங்கே போக முடிகிறது என்று எழுதுகிறேன். படித்துவிட்டு இது பயணமா இல்லையா என்று சொல்லுங்கள்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், அதைச் சொல்லாமல் இடங்களைச் சொல்வதில் பயனில்லை. ஊர் சுற்றும் ஆசை என்பது ஒரே பசி இல்லை. சிலருக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், எங்கே என்பது இரண்டாம் பட்சம். சிலருக்குப் பழைய கல்லைப் பார்க்க வேண்டும். சிலருக்குத் தன்னை யாருமே அறியாத ஒரு தெருவில் நடக்க வேண்டும். எனக்கு இந்த மூன்றாவதுதான் அதிகம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. வீட்டில் நான் யாருக்காவது மருமகள், யாருக்காவது அம்மா, எதிர்வீட்டுக்காரருக்கு இன்னாருடைய சம்சாரம். மேலூர் பஸ் ஸ்டாண்டில் நான் யாருமில்லை. அந்த ஆசைக்கு முப்பது கிலோமீட்டர் தாராளமாகப் போதும்.

உங்களுக்கு எது என்று முதலில் பாருங்கள். அது தெரியாமல் கிளம்பினால் பக்கத்து ஊரும் சப்பென்றுதான் இருக்கும், காசியும் அப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 16

முதலில் கீழக்குயில்குடி. நகரத்துக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில். டவுன் பஸ் போகிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை வைத்து வேலைக்கும் கடைக்கும் மட்டும் போகாமல் ஊரையும் பார்க்கலாம் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? எனக்கு இந்தப் பயணங்களையே சாத்தியமாக்கியது அந்த பஸ்தான். கையில் காசு கம்மியாக இருந்த மாதத்திலும் கிளம்பினேன்.

இறங்கினால் சமணர் மலை எதிரிலேயே நிற்கும். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம். பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் மலையில் வெட்டிய படிகள் ஏறுகின்றன, ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதன் மேலே பாறையில் வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள், பாகுபலி. 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்வித்தது என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்று, அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது.

இதை முதலில் படித்தபோது தெரிந்துகொண்டதற்கும், அந்தப் பாறைக்கு முன்னால் நின்றபோது தெரிந்துகொண்டதற்கும் சம்பந்தமே இல்லை. மகன் துறவியாகப் போய்விட்டார். ஊர் ஊராக மலைகளில் திருமேனி செய்வித்தவர் அவர், இந்தச் சீமையில் பல பாறைகளில் அவர் பெயர் இருக்கிறது. அந்த அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று செய்வித்து, தன் பெயரையும் மகன் பெயரையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இருக்கிற இந்த அம்மாளைத் தெரியாமல் இத்தனை காலம் இருந்திருக்கிறேனே என்று அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகை. அதற்குத் தனிப் படிக்கட்டு. வெளியே பெரிய தீர்த்தங்கரர் உருவம், குகைக்குள் கூரையை ஒட்டி ஐந்து சிற்பங்கள். சிங்கத்தின் மேலேறி யானை மேல் வருகிறவனை எதிர்க்கிற இயக்கியை, அதாவது சமணப் பெண் தெய்வத்தை, தவறவிடாதீர்கள். உள்ளே இருட்டாக இருக்கும், கண் பழகும் வரை கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

பிப்ரவரி 17

கேட்டவர்களுக்கு: ஆறரைக்கு அடிவாரத்தில் இருங்கள். ஒன்பதரைக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். தண்ணீர் கையில் வேண்டும், மேலே கடை எதுவும் இல்லை. தனியாகப் போகத் தயங்கும் பெண்கள் ஞாயிறு காலையில் போங்கள், நடைக்கு வருகிற குடும்பங்கள் இருக்கும். மதுரையில் 2010லிருந்து பசுமை நடை என்று ஒரு குழுவினர் இந்த மலைகளுக்கெல்லாம் ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள், குழந்தைகளோடு வருவார்கள். முதல் தடவை அப்படிக் கூட்டத்தோடு போய்விட்டு அடுத்த தடவை தனியாகப் போவது நல்லது.

மார்ச் 2

அரிட்டாபட்டி. சில மாதங்களுக்கு முன்பு எல்லோரும் பேசிய ஊர். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் பக்கத்து ஊர்களெல்லாம் எழுந்து நின்று, டிசம்பரில் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, இந்த ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. செய்தியில் பார்த்த மலையை நேரில் பார்க்க வேண்டும் என்று போனேன்.

இது 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏழு குன்றுகள், சுற்றிக் கண்மாய்கள், சுனைகள், இருநூற்றைம்பது வகைப் பறவைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு எல்லாம் இந்தப் பாறைகளில் இருக்கின்றன. நான் பறவை பார்க்கத் தெரிந்தவள் இல்லை, ஆனால் பாறை விளிம்பிலிருந்து ஒன்று கீழே பாய்ந்ததைப் பார்த்தேன், அது எந்த வல்லூறு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

பாறையைக் குடைந்து செய்த குடைவரைச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது, 7, 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. சிறியது. வாசலில் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் கையில் தண்டத்தோடு இலகுலீசர். இந்த இலகுலீசர் தமிழ்நாட்டில் மிக அபூர்வம், பாசுபத சைவத்தின் ஆள், குஜராத் பக்கத்திலிருந்து தொடங்கிய மரபு. ஆக, எங்கேயோ மேற்கே கிளம்பிய ஒரு நம்பிக்கை மேலூருக்குப் பக்கத்தில் ஒரு குன்றுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாஷை புரியாத ஊருக்குப் போனால்தான் பயணம் என்று எழுதியவருக்கு இதைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கேட்டார். "எங்கிட்டிருந்து வர்ற தாயி?" மதுரையிலிருந்து என்றேன். "ஒத்தையிலயா? சொந்தக்காரக யாரும் இருக்காகளா இங்க?" யாரும் இல்லை ஆத்தா, சும்மா மலையைப் பார்க்க வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம், "பாரு, நல்லாப் பாரு, இத வெட்டிக் கொண்டுபோகப் பாத்தாக" என்று சொல்லிவிட்டுத் தானே கூட வந்து சுனைக்கு வழி காட்டினார். அந்தப் பேச்சில் எவ்வளவு விஷயம்! எந்தெந்தச் சுனை எந்த மாதம் வற்றும், எந்த மடைக்கு யார் தண்ணீர் திறப்பார் என்று எல்லாம் சொன்னார். பத்து மணி பஸ்ஸை விட்டுவிட்டேன், விட்டதில் சந்தோஷம்தான்.

மார்ச் 3

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். வல்லூறையும் இலகுலீசரையும் விட அந்தப் பாட்டிதான் மனதில் நிற்கிறார். கூட யாராவது வந்திருந்தால் அவர் என்னிடம் பேச்சுக் கொடுத்திருக்க மாட்டார், எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு போயிருப்போம். காரில் போயிருந்தாலும் அப்படித்தான். அதனால் போன குறிப்பில் கூட்டத்தோடு போகச் சொன்னதை இங்கே கொஞ்சம் மாற்றுகிறேன். வழி தெரியும் வரை கூட்டம், தெரிந்த பிறகு தனியாக, பஸ்ஸில், வழி கேட்டுக்கொண்டே. போனில் வரைபடம் இருந்தாலும் கேளுங்கள். ஒரு ஊரில் வழி கேட்காமல் போய்வந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடமும் பேசாமலே திரும்பிவிடுவோம்.

மார்ச் 23

அரிட்டாபட்டிப் பக்கத்து மாங்குளம் பற்றி ஒருவர் கேட்டார். போகலாம், ஆனால் ஏற்றம் கடுமை, முட்டி வலி இருப்பவர்கள் யோசியுங்கள். இங்கே பாறையில் இருக்கும் தமிழி எழுத்துகளை, அதாவது தமிழ் பிராமியை, 1882இல் ராபர்ட் சூவெல் கண்டார், 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் தமிழ் என்று படித்துச் சொன்னார். நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. சங்கப் பாட்டில் மட்டும் கேட்ட பெயரைக் கல்லில் பார்ப்பது சின்ன விஷயமில்லை. இங்கே பாறையில் வெட்டியிருக்கும் படுக்கைகளை ஊரில் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள், பாண்டவர் வனவாசத்தில் தங்கியது என்று கதையும் சொல்வார்கள். கதை கதையாக இருக்கட்டும். கல்வெட்டு கணிநந்தாசிரியன் என்ற சமணத் துறவிக்குச் செய்து கொடுத்தது என்கிறது.

ஏப்ரல் 20

வெயில் வந்துவிட்டது, மலை எல்லாம் இனி ஆடி கழியும் வரை வேண்டாம். ஜன்னலோரம் உட்கார ஆசைப்படுகிறவர்களுக்காக இன்று போடி ரயில்.

மதுரை போடி மீட்டர் கேஜ் 2010 கடைசியோடு நின்றது. அகலப் பாதையாக மாற்றுகிறோம் என்று நிறுத்தியது, தேனி வரை ரயில் வர 2022 மே ஆகிவிட்டது, போடிக்கு 2023 ஜூன். அத்தனை வருஷம் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பக்கம் ரயிலையே பார்க்காமல் வளர்ந்தார்கள். இப்போது காலையில் மதுரையிலிருந்து ஒன்று கிளம்புகிறது. மாலையில்தான் திரும்பும், எனக்கு அது ஆகாது, அதனால் போகும்போது ரயில், வரும்போது பஸ். உங்களுக்கு நாள் முழுக்க இருந்தால் இரண்டும் ரயிலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நாகமலை நீளமாகக் கூடவே வரும். வடபழஞ்சி, செக்கானூரணி, உசிலம்பட்டி. அப்புறம் மண் நிறம் மாறும். ஆண்டிபட்டிக் கணவாயில் மலையை வெட்டிய வழியாக ரயில் நுழையும்போது வண்டிச் சத்தமே மாறிவிடுகிறது, பெட்டியில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு ஓடும். கணவாய் தாண்டினால் எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை, காற்றில் ஈரம். மதுரையில் அன்றைக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் வேறு சீமை. தேனியில் இறங்கி, ஒரு டீ குடித்து, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, மதுரை பஸ் ஏறினேன். தேனியில் எதையும் பார்க்கவில்லை, பார்க்கவும் போகவில்லை. இரண்டே முக்காலுக்கு வீட்டில் இருந்தேன்.

ஏப்ரல் 21

அத்தையைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். அவர் பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம். கல்யாணமாகி மதுரைக்கு வந்ததும், பிரசவத்துக்குத் தாய்வீடு போனதும் அந்த மீட்டர் கேஜ் வண்டியில்தான். கணவாய் வந்ததும் நான் போனில் வீடியோவில் காட்டினேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. பேச்சு இப்போது அவருக்குச் சரியாக வராது, ஆனால் "இங்கன வண்டி மெதுவாப் போகும், எறங்கி ஏறிக்கிருவாக" என்று தெளிவாகச் சொன்னார். சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கேட்டார். எந்த ஸ்டேஷனில் வேப்பமரம், எங்கே கொய்யாப்பழம் விற்பார்கள் என்று அவர் சொல்ல, மரம் இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். எனக்குப் பாதி தெரியவில்லை. அடுத்த தடவை பார்த்து வரச் சொல்லி ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார்.

இதற்கு முன்னெல்லாம் நான் போய்வந்தால் சோர்வாக வந்து சமையலைப் பார்ப்பேன். இப்போது போய் வந்ததை அவரிடம் சொல்வதற்காகவே கவனித்துப் பார்க்கிறேன்.

மே 14

இந்த மாதம் எங்கேயும் போகவில்லை, ஊரே நம்மிடம் வந்துவிட்டது. சித்திரைத் திருவிழா. 12ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்துக்குள் போகாமல், முந்தின நாள் வண்டிகளில் வந்து கரையோரம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினேன். மானாமதுரை, முதுகுளத்தூர், விளாத்திகுளம் என்று ஊர்கள். மழை எப்படி, மிளகாய் என்ன விலை போனது என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரு குடும்பம் எனக்கும் இலை போட்டது.

ஊருக்குள்ளேயே சுற்றலாமா என்று கேட்டவருக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று தெருக்கள் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு சுற்று மட்டும், விடிகாலையில், வாங்க வேண்டியது எதுவும் இல்லாமல் நடங்கள். மேலமாசி வீதியில் காந்தி தங்கியிருந்த வீடு இருக்கிறது, 1921 செப்டம்பர் 22 அன்று அவர் சட்டையை விட்டு வேட்டி துண்டுக்கு மாறியது அங்கேதான். கீழே கடையில் துணி வாங்கியிருப்போம், மாடிக்கு ஏறியிருக்க மாட்டோம். சௌராஷ்டிரர் தெருக்களில் முள்ளுமுருங்கை வடை சாப்பிட்டுக்கொண்டு, காதில் விழுகிற சௌராஷ்டிர மொழிப் பேச்சைக் கேளுங்கள். பாஷை புரியாத ஊர் வேண்டும் என்றாரே, அது இங்கேயே இருக்கிறது, பல நூறு வருஷமாக.

ஜூலை 6

ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். அவருக்குக் கடல் வேண்டும், பனி வேண்டும், மதுரைப் பாறைகளைக் காட்டி ஏமாற்ற வேண்டாம் என்கிறார். அவர் சொல்வது நியாயம். கடல் ஆசைக்குக் கண்மாய் பதில் ஆகாது. எனக்கும் கடல் ஆசை வரும், வந்தால் அந்த வாரம் எங்கே போனாலும் மனம் ஒட்டாது. அதை எதைக் கொண்டும் நிரப்பப் பார்ப்பதில்லை, அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். பக்கத்தில் கிடைப்பது எல்லா ஆசைக்கும் மாற்று என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பழையதைப் பார்க்கும் ஆசைக்கும், நகரும் ஆசைக்கும், யாரென்று தெரியாமல் நடக்கும் ஆசைக்கும் இங்கே நிறைய இருக்கிறது. அதைக்கூட எடுத்துக்கொள்ளாமல் விடுவானேன் என்பதுதான் என் ஆதங்கம்.

வெயில் காலத்துக்குக் கீழடி அருங்காட்சியகம் நல்லது. 2023 மார்ச்சில் திறந்தது, செவ்வாய்க்கிழமை விடுமுறை, காலை பத்துக்குத்தான் திறப்பார்கள், அதனால் எனக்குச் சரியாக இரண்டு மணி நேரம் கிடைக்கும். தக்களிகள், பகடைக் காய், சூதுபவள மணி, பானை ஓட்டில் கீறிய ஆதன் என்ற பெயர். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். நான் ஒரு தடவை பானை ஓடுகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன், அந்தத் தடவைதான் நிறையப் பார்த்தது போல இருந்தது.

அக்டோபர் 25

தீபாவளி முடிந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் காது அடைத்துப் போனது. சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் போகும் வழியில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் பயந்துவிடும் என்று பல பத்து வருஷமாக இப்படி. சரணாலயம் என்று அறிவித்ததே 1977இல். பிள்ளைகளுக்குப் புத்தாடை உண்டு, பலகாரம் உண்டு, மத்தாப்பு அளவோடு சரி. போன வருஷம் மார்கழியில் போனேன், கண்மாய்க்குள் கருவேல மரமே தெரியாத அளவுக்கு நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கொக்கு. கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் வீட்டுக் கோழிகளைப் பற்றிப் பேசுவது போல எந்தப் பறவை எப்போது வந்தது என்று சொன்னார். என் ஒன்பது மணி நேரத்தில் இது கடைசி எல்லை. போக வர நேரம் போய்விடும், அங்கே ஒன்றரை மணி நேரம்தான் இருக்க முடியும். மழை பொய்த்த வருஷம் தண்ணீர் இருக்காது, யாரையாவது விசாரித்துக்கொண்டு போங்கள்.

நவம்பர் 16

முதல் கேள்வி கேட்டவர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், வெளியூர் வேலையை விட்டு ஒத்தக்கடைக்கே வந்துவிட்டாராம், பக்கத்தில் காலை நேரத்தில் போய்வர ஒரு இடம் கேட்டிருக்கிறார். ஐயா, நீங்கள் இருப்பது யானைமலைக்குக் கீழேயே. நரசிங்கத்துக்கு நடந்தே போகலாம். நரசிங்கப் பெருமாள் குடைவரையைத் தொடங்கியவர் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி, 770ஆம் ஆண்டு. நீர்தெளித்துப் பிரதிஷ்டை செய்வதற்கு முன்பே அவர் இறந்துவிட, அடுத்து அமைச்சரான தம்பி மாறன் எயினன் முடித்தார். அதெல்லாம் கல்வெட்டிலேயே இருக்கிறது. பக்கத்தில் லாடன் கோயில் என்ற முருகன் குடைவரை. மலை மேலே சமணர் சிற்பங்கள், அவற்றில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, காலை வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்.

அப்பாவால் உட்கார முடிந்தால் ஒரு ஆட்டோவில் திருவாதவூர் கூட்டிப்போங்கள். மாணிக்கவாசகர் பிறந்த ஊர், திருமறைநாதர் கோயிலில் பிரகாரம் விசாலம், அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் சுற்றி வரலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.